மதுவிலக்கு விதியும் மாணவர் மௌனமும்

பின்னாளில் ஐக்கிய அமெரிக்கா எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பிலே முதன்முதல் தோன்றிய உயர்கல்விக்கூடம் ஹாவாட் கல்லூரியாகும். 1636 இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியின் முதல் தலைவர் நதானியேல் ஈற்றன், 1639 இல் பதவியிழந்தார். துணையாசிரியரைத் தடியால் அடித்த கொடுமையே அவர்மீது சாட்டப்பட்ட பெருங்குற்றம். அதனோடு வேறொரு முறைப்பாடும் விசாரணைக்கு வந்தது. மாணாக்கருக்குச் சில நாள்களிலே பியர் கிடைக்கவில்லை என்பதே அது. உணவுப் பொறுப்பை ஏற்றிருந்த அவர் மனைவி அக்குறையை ஒப்புக்கொண்டார்.

இன்று கேட்போருக்கு இது வியப்பாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் பியர் அன்றாட உணவின் ஒரு பகுதி. குடித்தல் குற்றமன்று, குடித்து நிலைதவறுதலே குற்றம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னரோ, மது கல்லூரி எல்லைக்குள் வரவே கூடாது என்னும் விதியைக் காண்கின்றோம். அவ்விதியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் தோமஸ் ஜெபர்சன்.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும், அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியுமான ஜெபர்சன், தம் முதுமைக்காலத்தை வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை நிறுவுவதிலே செலவிட்டார். அதன் பரிபாலன சபை 1824 ஒக்டோபரில் விதிகளை இயற்றியது. பல்கலைக்கழக எல்லைக்குள் எந்த மாணவனும் மதுவகைகளைக் கொண்டுவருதலோ, வைத்திருத்தலோ, அருந்துதலோ கூடாது. ஆயுதமும் வெடிமருந்தும் வைத்திருக்கலாகாது. வேலையாளோ குதிரையோ நாயோ கூடாது. புகைபிடித்தலும் புகையிலை மெல்லுதலும் தடைசெய்யப்பட்டன.

விதிகள் கடுமையானவை. ஆனால் அவற்றைக் காக்கும் முறையோ மென்மையானது. சிறு குற்றங்களை விசாரிக்க, மாணவருள்ளிருந்தே ஆறு பேரைத் தெரிந்து ஒரு குழு அமைப்பதென ஏற்பாடாயிற்று. மேலும், ஒரு மாணவனிடம் சாட்சியம் கேட்கப்படின், அது அவன் தானாக விரும்பித் தருவதாயிருத்தல் வேண்டும். சத்தியஞ்செய்து கூறுமாறு அவனை வற்புறுத்தலாகாது. தர மறுப்பானாயின், அதனை அவனுடைய நியாய உணர்வுக்கே விட்டுவிட வேண்டும். அச்சத்தாலன்றி மானத்தால் இளைஞரை ஆளலாம் என்பது ஜெபர்சனின் நம்பிக்கை.

1825 மார்ச்சு மாதம் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்தவருட் பலர் தென்பகுதிப் பெருந்தோட்டக்காரரின் மைந்தர்கள். அடிமைகளை ஏவி வளர்ந்த அவ்விளைஞர்களுக்கு, பிறர் இட்ட விதிக்குப் பணிதல் இழிவாகப்பட்டது. ஏழு மாதங்கூட நிறையவில்லை. ஒக்டோபர் முதலாம் நாள் இரவு, மதுவருந்திய மாணவர் பதினால்வர் முகமூடி தரித்துப் புற்றரையிலே கூச்சலிட்டுத் திரிந்தனர். அடக்க வந்த பேராசிரியர் இருவர் தாக்கப்பட்டனர். செய்தவர் யாரெனக் கேட்டபோது எவரும் வாய் திறக்கவில்லை. அறுபத்தைந்து மாணவர்கள் கையொப்பமிட்டு, தோழரைக் காட்டிக்கொடோம் என்று அறிவித்தனர். பழியைப் பேராசிரியர்மீதே சுமத்தினர். ஐரோப்பாவிலிருந்து அழைக்கப்பட்டிருந்த ஆசிரியர் இருவர் பதவி விலக முன்வந்தனர்.

ஒக்டோபர் மூன்றாம் நாள் பரிபாலன சபை கூடியது. முன்னாள் ஜனாதிபதி ஜேம்ஸ் மடிசனும் சபையில் இருந்தார். மாணவர்முன் பேசுதற்கு எண்பத்திரண்டு வயது முதியவரான ஜெபர்சன் எழுந்தார். தம் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று எனத் தொடங்கினார். கண்ணீர் பெருகிற்று, நா எழவில்லை, அமர்ந்துவிட்டார். பரிபாலன சபையின் வினாவுக்கு அசையாத மௌனம் அக்கண்ணீருக்கு உடைந்தது. குற்றவாளிகள் ஒவ்வொருவராக முன்வந்து தம் பெயரைக் கூறினர். அவர்களுள் ஜெபர்சனின் உறவினன் ஒருவனும் இருந்தான். மூவர் விலக்கப்பட்டனர், அவனும் அம்மூவருள் ஒருவன். அடுத்த ஆண்டு யூலை 4 ஆம் நாள் ஜெபர்சன் காலமானார்.

கண்ணீரை நம்பி ஒரு கல்விக்கூடத்தை நடத்தவியலாது. ஆகவே விதிகள் பெருகின. முகமூடி தடைசெய்யப்பட்டது. மாணவர் விடியலில் எழுதல் வேண்டும். ஒரேவகை உடை தரித்தல் வேண்டும். கையிலுள்ள பணத்தைப் பல்கலைக்கழக அதிகாரியிடம் ஒப்படைத்தல் வேண்டும். பயன் யாது? விதிகளை மீறுவதே வீரம் என்னும் எண்ணம் வளர்ந்தது. 1840 நவம்பர் 12 ஆம் நாள் இரவு, முகமூடியணிந்து துப்பாக்கி வெடித்துத் திரிந்த மாணவர் இருவருள் ஒருவனை, சட்டப் பேராசிரியர் யோன் டேவிஸ் பிடிக்க முயன்றார். அவன் அவரைச் சுட்டான். இரண்டு நாள்களில் அவர் உயிர் பிரிந்தது. அதிர்ச்சியுற்ற மாணவர்கள், கொன்றவனைத் தேடும் பணியில் தாமே சேர்ந்துகொண்டனர். டேவிஸின் இடத்துக்கு வந்த பேராசிரியர் ஹென்றி ரக்கரின் யோசனைப்படி 1842 இல் மான உறுதிமொழி முறை தொடங்கிற்று. பரீட்சையிலே பிறர் உதவி பெறவில்லை என்று மாணவனே எழுதி ஒப்பமிடுவது அது. மதுவைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. எனினும் மாணவனின் சொல்லை நம்புதல் என்னும் பழைய கொள்கை அதன்மூலம் மீண்டும் உயிர்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டிலே, கல்லூரி விதியோடு நாட்டுச் சட்டமும் வந்து சேர்ந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நிலவியது. அது நீங்கிய பின்னர், மது வாங்கும் வயதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்தது. பெற்றோர் இடத்திலே கல்லூரி நிற்கிறது என்னும் பழங்கொள்கை 1961 இல் ஆட்டங்கண்டது. சமவுரிமை கோரிய கறுப்பின மாணவர்களை அலபாமாவின் அரசாங்கக் கல்லூரியொன்று விசாரணையின்றி நீக்கியது தவறென மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971 இல் பதினெட்டு வயதினருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன.

வீதி விபத்துகளிலே இளைஞர் மாண்ட துயரம் எதிர்த்திசையிற் சட்டத்தைத் திருப்பிற்று. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோர் மது வாங்க இடமளிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு நிறுத்தப்படும் என 1984 இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. தென் டக்கோட்டா மாநிலம் வழக்காடித் தோற்றது. 1988 இல் ஐம்பது மாநிலங்களும் இணங்கிவிட்டன. 1989 இல் வந்த திருத்தச் சட்டம் கல்லூரிகளையே நேரே பற்றியது. மது, போதைப்பொருள் பற்றிய விதிகளையும் தண்டனைகளையும் உடற்கேடுகளையும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆண்டுதோறும் எழுத்தில் வழங்கத் தவறும் கல்லூரி, மத்திய அரசின் நிதியை இழக்க நேரும். வேர்ஜீனியாவில் இருபத்தொரு வயது நிரம்பியோர் சிறிதளவு கஞ்சா வைத்திருத்தல் 2021 முதல் குற்றமன்று. ஆயினும் மத்திய சட்டத்தை முன்னிட்டுப் பல்கலைக்கழக எல்லைக்குள் அது இன்றும் தடைசெய்யப்பட்டதே.

இத்தனை சட்டங்களும் ஒரு பழைய சிக்கலை நீக்கவில்லை, கூர்மையாக்கின. அளவுகடந்து குடித்த இளைஞன் நினைவிழந்து கிடக்கிறான். மூச்சுத் தளரலாம், வாந்தி தொண்டையை அடைக்கலாம். அருகிலிருக்கும் தோழன் வைத்தியரை அழைத்தால் தானும் அகப்படுவான், நண்பனையும் அகப்படுத்துவான். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று எண்ணி அவன் வாளாவிருக்கிறான். 1825 இல் அறுபத்தைந்து பேர் காத்த மௌனம் எவருயிரையும் வாங்கவில்லை. இந்த மௌனமோ உயிர்வாங்கும் மௌனம்.

இதனை உணர்ந்தே, உதவி வேண்டி அழைத்தவனைத் தண்டியாது விடும் ஏற்பாடுகளைப் பல மாநிலங்களும் கல்லூரிகளும் அண்மைக்காலத்தில் வகுத்துள்ளன. விதி தளர்ந்துவிட்டதெனச் சிலர் குறை கூறலாம். ஆனால், பேசுவதா விடுவதா என்பதை மாணவனின் நியாய உணர்வுக்கு விட்டவர் ஜெபர்சன். அந்த நியாய உணர்வு பேசத் துணியும் வேளையிலே, விதி அதன் வாயை அடைக்கலாகாது.

குப்பியைத் தடுப்பது விதியின் முதற் கடமை. குப்பி உள்ளே வந்துவிட்ட இரவிலே, நண்பனுக்காகக் கதவைத் தட்டுபவனுக்கு அக்கதவைத் திறந்துவிடுவது அதன் இரண்டாவது கடமை.