நாணயம் காத்த பாங்கித் தலைவர்

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். காகிதப் பணத்திற்கு உயிர் தருவது இவ்விரண்டாவது நாணயமே. கேட்டபோது ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரையில் அது பணம். நம்பிக்கை நீங்கின் வெறுந்தாள். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய சீனப் புரட்சிக்காரர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு ஆராய்வோம். அவர் பெயர் மாவோ ஸேமின். மாவோ ஸேதுங்கின் உடன்பிறந்த தம்பி. தமையனை உலகமறியும், தம்பியை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

ஹூனான் மாகாணத்துச் ஷாவோஷான் கிராமத்தில் 1896-ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். தமையன் கல்வி தேடிச் சென்றார். தம்பியோ சில ஆண்டுப் படிப்போடு ஏர் பிடித்து, வீட்டு வரவு செலவையும் கவனித்தார். 1921-இல் தமையன் அழைப்பிற்கிணங்கி வீட்டையும் நிலத்தையும் விட்டுச் சாங்ஷா நகரம் சேர்ந்தார். மறு ஆண்டில் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினரானார்.

அக்காலத்தில் ஆன்யுவான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் இரயில்வேத் தொழிலாளரும் கூடி, 1922 செப்டம்பரில் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். ஆயினும் உயர்ந்த கூலி கடைக்காரன் பெட்டிக்கே போய்ச் சேருமாயின் வெற்றியால் பயன் யாது? ஆகவே 1923-இல் தொழிலாளர் தமக்கென ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை கண்டனர். பங்கொன்றுக்கு அரை யுவான். அரிசி, உப்பு, எண்ணெய், துணி ஆகியவை அங்கே வெளிக்கடையினும் மலிவாகக் கிடைத்தன. அதன் தலைமை நிர்வாகி மாவோ ஸேமின். சம்பள நாளில் கடைப்பற்றுப் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1925 செப்டம்பரில் தொழிலாளர் சங்கம் ஆயுத பலத்தால் மூடப்பட்டது. ஆனால் ஏழைகளின் காசைக் காக்கக் கற்ற கல்வி அவரை விட்டு நீங்கவில்லை.

1931 நவம்பரில் கியாங்ஸி மலைப்பகுதியில் சீன சோவியத்துக் குடியரசு நிறுவப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அதன் தேசிய பாங்கி ருய்ஜின் நகரையடுத்துத் திறக்கப்பட்டது. தலைவர் மாவோ ஸேமின். அவரையும் சேர்த்துத் தொடக்கத்தில் அங்கே பணியாற்றியவர் ஐவரே! அந்நாட்டில் அப்போது பலவிதக் காசுகளும் நோட்டுகளும் புழங்கி ஏழைகளைக் குழப்பின. பாங்கி ஒரு யுவான் நோட்டை ஒரு வெள்ளி யுவானுக்கு ஈடாக வெளியிட்டது. அதில் அவர் கையொப்பமும் இருந்தது. எதிரிகள் முற்றுகையிட்ட நாட்டில் வருவாய் தேட, டங்ஸ்டன் தாதுவை வெட்டி வெளி வியாபாரிகளுக்கு விற்றனர். அச்சுரங்கத் தொழிலையும் அவர் மேற்பார்த்தார்.

எனினும் முழுவதும் வெற்றியே என்று கூறுவது சரித்திரமாகாது. யுத்தம் வளர வளரச் செலவும் வளர்ந்தது. கடன் பத்திரங்கள் போதவில்லை. நோட்டுகள் அளவு மீறி அச்சாயின. அவற்றின் மதிப்பும் வீழ்ந்தது. வரவுக்கு மிஞ்சிய செலவு எக்கொடியின் கீழும் ஒரே பலனைத்தான் தரும்.

1934 அக்டோபரில் செஞ்சேனை ருய்ஜினை விட்டுப் புறப்பட்டது. பாங்கியும் உடன் புறப்பட்டது. பொன், வெள்ளி, நோட்டு, அச்சுப்பொறி யாவும் சுமைத்தண்டுகளில் ஏறின. பாங்கி ஊழியர் பதினால்வர். மலையும் ஆறும் கடந்து 1935 ஜனவரியில் சேனை ஸுன்யி நகரை அடைந்தது. அப்பகுதியில் உப்பு மிக அரிய பொருள். பறிமுதல் செய்யப்பட்ட உப்பைப் பாங்கி நோட்டுக்கு விற்றார்கள். அதனால் நோட்டைக் கடைக்காரரும் குடியானவரும் தயங்காது வாங்கினர்.

பன்னிரண்டு நாட்களுக்குள் சேனை நகரை விட்டு நீங்க நேர்ந்தது. சேனை போனபின் அந்நோட்டுக்கு என்ன மதிப்பு? காய்கறி விற்ற கிழவியும் கூலிக்குச் சுமந்த ஏழையுமே நட்டமடைவர். ஓடும் சேனைக்கோ ஒவ்வொரு வெள்ளிக் காசும் உயிருக்கு நிகர். “தாளைக் கொடுத்தோம், சரக்கைப் பெற்றோம்” என்று வாளாவிருந்திருப்பின் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் பாங்கிக்காரர் மாற்றிடங்கள் திறந்து, நோட்டை வாங்கிக்கொண்டு வெள்ளியும் உப்பும் கொடுத்தபின்னரே சென்றனர். அரசாங்கம் ஒன்றின் பெருமையை அதன் மாளிகையால் அளப்பாருண்டு. நாமோ இச்செயலால் அளப்போம்.

1938-இல் சிகிச்சைக்காக மாஸ்கோ செல்லும் வழியில் அவர் சிங்கியாங்கில் தங்க நேர்ந்தது. சோ பின் என்னும் புனைபெயருடன் அம்மாகாண நிதி இலாகாவை ஏற்றார். அங்கே பணம் சீரழிந்து கிடந்தது. 1939-இல் நாலாயிரம் பழைய லியாங்கிற்கு ஒரு புதிய யுவான் என்று மாற்றிச் செம்மைப்படுத்தினார். ஆனால் அம்மாகாண அதிபதி ஷெங் ஷிட்சாய் பின்னர் பக்கம் மாறினான். 1942 செப்டம்பரில் மாவோ ஸேமின் சிறைப்பட்டார். 1943 செப்டம்பர் 27-ஆம் நாள் தோழர் இருவருடன் இரகசியமாகக் கொல்லப்பட்டார். வயது நாற்பத்தேழு. சீன மக்கள் பாங்கி 1948 டிசம்பரில் தோன்றியதை அவர் காணவில்லை.

அவருடைய கட்சிக் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் நம்மிடையே உண்டு. அவ்வாதம் வேறிடத்துக்குரியது. சங்கப் பெட்டியின் சாவியை வைத்திருப்போரும், ஏழைகளின் பங்குப் பணத்துக்குக் கணக்கெழுதுவோரும் அவரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: கேட்க வலியற்றவனுக்குக் கொடுத்த வாக்கையே முதலில் காத்தல் வேண்டும்.