ஒரு வரி தள்ளிப்போனால்

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு சிஎஸ்வி ஃபைலைப் படிச்சு ரிப்போர்ட் தயாரிக்கிற ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபைலோட முதல் வரி தலைப்பு வரி. பெயர், தொகை, தேதின்னு இருக்குமே, அது. பெயர்களைப் படிக்கும்போது அந்த வரியைத் தாண்ட மறந்துட்டேன். விளைவு, எல்லாப் பெயரும் ஒரு வரி கீழே இறங்கி, அடுத்தவரோட தொகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. மதியத்துக்குள்ள ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார். திட்டு வாங்கினேன், சரி பண்ணினேன், டீ குடிக்கப் போனோம். கோட் எழுதுற எல்லாருக்கும் இந்த ஆஃப் பை ஒன் தப்பு தெரியும். நமக்கு அது ஒரு ஜோக் மாதிரி.

அதே தப்பு ஒரு புற்றுநோய் ஆய்வில் நடந்தால்? அதை வைத்து நிஜ நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுத்தால்? அப்படி நடந்தது. இன்றைய கதை அதுதான். கூடவே, யாரும் கதாநாயகனாக நினைக்காத ஒரு வேலையின் கதையும்: பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வாளர்களின் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

2006-க்குப் போவோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகம். அங்கே அனில் பொட்டி, ஜோசஃப் நெவின்ஸ் இருவரின் குழு 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளியிடுகிறது. புற்றுநோய்க்கு கீமோதெரபி மருந்துகள் பல உண்டு. ஒரே மருந்து ஒருவருக்கு வேலை செய்யும், இன்னொருவருக்குச் செய்யாது. யாருக்கு எதுன்னு முன்கூட்டியே சொல்வது கஷ்டம். டியூக் குழு என்ன சொன்னது? கட்டியில் உள்ள மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தால், அந்த நோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று கணித்துவிடலாம். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் புற்றுநோய் செல்களில் கணிப்பு மாதிரியை உருவாக்கி, அதை மனிதர்களுக்குப் பொருத்தலாம்.

குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னால் எந்த டாக்டர் ஆசைப்பட மாட்டார்? டெக்சஸில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கும் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் டாக்டர்களும் ஆசைப்பட்டார்கள். தங்கள் மையத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வாளர்கள் இருவரிடம், இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். அந்த இருவர் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்.

அவர்கள் செய்தது ரொம்ப சாதாரணமான வேலை. பொதுவெளியில் இருந்த டேட்டாவை எடுத்தார்கள். கட்டுரையில் சொன்ன படிகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதே விடை வரணும். வரலை.

ஏன் வரலைன்னு தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த மென்பொருளுக்கு இரண்டு ஃபைல்கள் கொடுக்க வேண்டும். ஒன்று அளவுகள், அதில் தலைப்பு வரி இருக்க வேண்டும். இன்னொன்று மரபணுப் பெயர்களின் பட்டியல், அதில் தலைப்பு வரி இருக்கக் கூடாது. இப்போ புரியுதா எங்கே போகிறோம்னு? கட்டுரையில் அச்சான மரபணுப் பட்டியலை ஒரு வரி நகர்த்தினால், பேகர்லி குழுவுக்குக் கிடைத்த விடையோடு பெரும்பாலும் பொருந்திவிட்டது. என் ஸ்கிரிப்டில் நடந்த அதே தப்பு.

அதோடு நிற்கவில்லை. ஒரு வரி நகர்த்தியும் பொருந்தாத சில மரபணுக்கள் பட்டியலில் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. இதைவிட மோசமானது ஒன்று. சில இடங்களில் 'மருந்துக்குக் கட்டுப்படும்', 'கட்டுப்படாது' என்ற இரண்டு லேபிள்களும் மாறி இருந்தன. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. லேபிள் தலைகீழாக இருந்தால், எந்த நோயாளிக்கு மருந்து வேலை செய்யாதோ அவருக்கே அதைப் பரிந்துரைக்கும்.

2007-ல் இருவரும் அதே இதழில் தங்கள் கேள்விகளை வெளியிட்டார்கள். டியூக் குழு, நாங்கள் சொன்னது சரிதான் என்று பதில் எழுதியது. அதே 2007-ல் டியூக்கில் இந்த முறையை வைத்து நோயாளிகளிடம் மருத்துவப் பரிசோதனைகள் தொடங்கின. மொத்தம் மூன்று. இரண்டு நுரையீரல் புற்றுநோய்க்கு, ஒன்று மார்பகப் புற்றுநோய்க்கு. சேர்ந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

2008-ல் அந்த ஆய்வகத்துக்கு உள்ளேயே ஒரு மருத்துவ மாணவர், இந்த டேட்டாவை நம்ப முடியாது என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தார். கட்டுரைகளிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். ஆய்வகத்தை விட்டு வெளியேறி, வேறு இடத்தில் ஒரு வருட ஆய்வைப் புதிதாகத் தொடங்கினார். அவர் எழுதியது வெளியுலகுக்குத் தெரிய 2015 ஆயிற்று.

2009-ல் பேகர்லியும் கூம்ப்ஸும் ஒரு புள்ளியியல் இதழில் முழுக் கட்டுரையாகவே எழுதினார்கள். இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் தடயவியல் உயிர்த்தகவலியல். போலீஸ் தடயம் தேடுவது மாதிரி, வெளியான முடிவிலிருந்து பின்னோக்கிப் போய் என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிப்பது. அதில் அவர்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதிகம் நடக்கும் தப்புகள் சிக்கலானவை கிடையாது, வரி தள்ளிப்போவது, லேபிள் மாறுவது மாதிரி எளிமையானவைதான். ஆவணம் சரியாக இல்லாததால்தான் அவை ஒளிந்துகொள்கின்றன.

இதற்குப் பிறகு டியூக் பரிசோதனைகளை நிறுத்தி, வெளி நிபுணர்களை வைத்து ஆராய்ந்தது. பேகர்லி அனுப்பிய புதிய விமர்சனம் அந்த நிபுணர்கள் கைக்குப் போகவே இல்லை. 2010 தொடக்கத்தில் பரிசோதனைகள் மறுபடி ஆரம்பித்தன.

கடைசியில் எது நிறுத்தியது தெரியுமா? 2010 ஜூலையில், பொட்டி தன்னை ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்று குறிப்பிட்டிருந்தது பொய் என்று 'தி கேன்சர் லெட்டர்' என்ற செய்தி இதழ் வெளியிட்டது. மூன்று வருஷம் புள்ளிவிவரம் பேசியும் அசையாத விஷயம், பயோடேட்டாவில் இருந்த ஒரு வரியால் அசைந்தது. பரிசோதனைகள் நின்றன. நவம்பரில் பொட்டி ராஜினாமா செய்தார். 2011 ஜனவரியில் 'நேச்சர் மெடிசின்' கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம், பொய்யான டேட்டா சேர்க்கப்பட்டது என்று தீர்மானித்தது. பொட்டி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதே வருஷம், வழக்குத் தொடுத்த நோயாளிகளின் குடும்பங்களோடு டியூக் சமரசத்துக்கு வந்தது.

இப்போ காட்சியை மாற்றுவோம். டியூக்கிலிருந்து மேற்கே போனால் பக்கத்து மாநிலம் டென்னசி. அங்கே நாஷ்வில் நகரத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். வருஷம் 2004.

அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் ஆய்வு செய்ய வேண்டும் என்றால் டேட்டா எங்கே இருக்கும்? பெரிய மருந்துக் கம்பெனி நடத்தும் பரிசோதனை என்றால் விலை உயர்ந்த மென்பொருள் இருக்கும். ஐம்பது நோயாளிகளை வைத்து ஒரு டாக்டர் செய்யும் ஆய்வுக்கு? அவர் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஃபைல். அதற்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று மூன்று பிரதிகள். ஒன்றில் நோயாளியின் பெயரும் போன் நம்பரும்கூட இருக்கும். 2003-லிருந்து அமெரிக்காவில் ஹிப்பா சட்டத்தின் தனியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி அப்படி வைத்திருக்க முடியாது.

ஒவ்வொரு ஆய்வுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸ் கட்டித் தர பல்கலைக்கழகத்தில் அத்தனை இன்ஜினியர்கள் இல்லை. அங்கிருந்த பால் ஹாரிஸும் அவர் குழுவும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரே மென்பொருள்தான். ஆனால் ஆய்வாளர் ஒரு பட்டியல் நிரப்பித் தர வேண்டும். என்னென்ன கேள்விகள், எது எண், எது தேதி, ரத்த அழுத்தம் எத்தனையிலிருந்து எத்தனை வரை இருக்கலாம், 'புகைப்பீர்களா' என்பதற்கு ஆம் என்றால் மட்டும் அடுத்து எந்தக் கேள்வி வர வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் டேட்டா டிக்‌ஷனரி. மென்பொருள் அதைப் படித்து, படிவங்களைத் தானே உருவாக்கும். அதுதான் ரெட்கேப்.

அடியில் இருப்பது நமக்குத் தெரிந்த பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும்தான். ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. ஆனால் அது என்ன செய்கிறது பாருங்க. யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார்கள் என்று எல்லாம் பதிவாகும். யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று பிரிக்கலாம். அடையாள விவரங்களை நீக்கிவிட்டு டேட்டாவை வெளியே எடுக்கலாம். 2006-லிருந்து மற்ற நிறுவனங்களோடும் பகிர ஆரம்பித்தார்கள். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு இலவசம். இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன.

சரி, எக்செல் மேல ஏன் இவ்வளவு கோபம்னு கேட்கலாம். ஒரு உதாரணம். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற பெயரில் மரபணுக்கள் இருந்தன. எக்செல்லில் தட்டினால் அது உதவி செய்வதாக நினைத்து மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரித் தப்பு இருந்ததாகச் சொன்னது. எக்செல் மாறக் காத்திருக்காமல், 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டின கதை.

இப்போ ஒரு நேர்மையான கேள்வி. ரெட்கேப் மாதிரி ஒன்று இருந்திருந்தால் டியூக் விவகாரம் நடந்திருக்காதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மரபணு அளவுகள் அதில் வைக்கும் வகை டேட்டா இல்லை. வேண்டுமென்றே மாற்றுகிறவரை எந்தக் கருவியும் தடுக்காது. நம்ம ஃபீல்டில் கிட் இருக்கு, ரிவ்யூ இருக்கு. அப்படியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷன் விழுதா இல்லையா?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தப்பு நடந்த பிறகு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகிறது, கண்டுபிடித்தவர் சொன்னால் யார் கேட்கிறார்கள். மூல டேட்டாவும் கோடும் ஒரு இடத்தில் ஒழுங்காக இருந்திருந்தால், பேகர்லியும் கூம்ப்ஸும் துப்பறிய வேண்டியிருக்காது. திறந்து பார்த்தால் போதும். இந்த விவகாரத்துக்குப் பிறகு 2012-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையும் அதைத்தான் கேட்டது. டேட்டாவும் கோடும் மற்றவர்கள் சரிபார்க்கக் கிடைக்க வேண்டும். நோயாளியிடம் போகும் முன் கணக்கிடும் முறையைப் பூட்டிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.

அதைச் செய்ய ஆள் வேண்டும். சம்பளம் வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி 25 முதல், நிதி கேட்கும்போதே டேட்டாவை எப்படிப் பராமரிப்போம் என்ற திட்டத்தையும் தரச் சொல்கின்றன. அதற்கான செலவையும் பட்ஜெட்டில் கேட்கலாம். இவ்வளவு தூரம் வர இத்தனை வருஷம்.

என் தப்பை மதியத்துக்குள் ஒருத்தர் கண்டுபிடித்தார்னு சொன்னேன் இல்லையா? அவர் என்னைவிடப் பெரிய புத்திசாலி என்பதால் கிடையாது. மூல ஃபைல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. என் கோடும் இருந்தது. அவர் சொன்னதும் நான் கேட்டேன். டியூக்கில் அந்த நோயாளிகளுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கவில்லை.

உங்க நண்பர்களில் யாராவது மருத்துவம் படித்துக்கொண்டு தீசிஸுக்கு டேட்டா சேர்த்துக்கொண்டிருந்தால், இந்த எபிசோடை அனுப்புங்க. முடிஞ்சா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்களோட உட்கார்ந்து அந்த ஃபைலோட முதல் வரியை ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.