26-வது கிலோ

அரிசிக் கடைகள்ல 26 கிலோ சிப்பம் பாத்திருப்பீங்க. 25 ஒரு முழு எண், சரி. 26 எங்கிருந்து வந்துச்சு?

2022 ஜூலை 18-லிருந்து, பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5% ஜிஎஸ்டி. ஆனா 25 கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல போனா வரி இல்லை. ஆலைக்காரங்க ஒரு கிலோ சேர்த்துப் போட்டாங்க, கணக்கு முடிஞ்சது. வாங்குறவருக்கு லாபம், விக்கிறவருக்கும் தொல்லை இல்லை. லாரியிலிருந்து இறக்கி கடைக்குள்ள அடுக்குற பையனுக்கு மட்டும் சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதல். 100 சிப்பம் இறக்கினா 100 கிலோ.

நம்ம ஊர்ல ஒரு ஆள் எவ்வளவு தூக்கணும்ங்கிறதைப் பெரும்பாலும் முடிவு பண்ணினது சாக்கு அளவும் வியாபாரக் கணக்கும்தான். மண்டிகள்ல 100 கிலோ மூட்டையை முதுகுல ஏத்துனது ரொம்பப் பழைய கதை இல்லை. பிறகு அது 50 ஆச்சு. சிமெண்ட் மூட்டை இன்னிக்கும் 50-தான்.

சட்டம் என்ன சொல்லுது? 2025 நவம்பர் வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 34-வது பிரிவு இருந்துச்சு. காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ வைக்கக் கூடாதுன்னு அது சொல்லுச்சு. உச்ச எடையை மாநில அரசு விதி போட்டு நிர்ணயிக்கலாம்னும் இருந்துச்சு. நல்ல பிரிவுதான், ஆனா அது தொழிற்சாலைக்கு. கடைக்கு இருக்கறது 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். அது தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீ முன்னெச்சரிக்கை எல்லாம் பேசுது. ஊழியர் உட்கார இருக்கை தரணும்னு 2021-ல தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்துச்சு (கேரளா 2018-லயே பண்ணிடுச்சு). எடைக்கு அதுல வரம்பு கிடையாது.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ல உச்ச எடை பத்தி ஒரு உடன்படிக்கையும், கூடவே ஒரு பரிந்துரையும் போட்டுது. வயது வந்த ஆணுக்கான வரம்பு எங்கெல்லாம் 55 கிலோவுக்கு மேல இருக்கோ, அங்கெல்லாம் அதைச் சீக்கிரமா 55-க்குக் கொண்டுவரணும்ங்கிறது பரிந்துரை. ஆனா அதுவும் கிலோவைத்தான் எண்ணுது. எனக்கு இதுலதான் நெருடல். முதுகுக்கு கிலோ மட்டும் தெரியாது, பாரம் எங்க இருக்குன்னும் தெரியும்.

இதைக் கணக்கா எழுதினவங்க அமெரிக்காவுல நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம். 1981-ல முதல் சூத்திரம், 1991-ல திருத்தம். சுமந்து நடக்கறதுக்கு இல்லை, ரெண்டு கையால தூக்கி வைக்கிறதுக்கு. ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்குப் பத்து வரி வேலை. 23 கிலோவுல ஆரம்பிக்கணும். எல்லாமே சாதகமா இருந்தா மட்டும்தான் அந்த 23. பிறகு ஒவ்வொரு அசௌகரியத்துக்கும் ஒரு பின்னத்தால பெருக்கிக் குறைச்சுக்கிட்டே போகணும்: உடம்பிலிருந்து தூரம், தரையிலிருந்து உயரம், உடம்பைத் திருப்புற கோணம், நிமிஷத்துக்கு எத்தனை தடவை, பிடி எப்படி.

நம்ம சிப்பத்தைப் போட்டுப் பாப்போம். தரையில கிடக்கு: 0.775. கை, கணுக்காலுக்கு 50 செ.மீ. முன்னாடி: 0.5. ரெண்டையும் 23-ஓட பெருக்கினா 8.9 கிலோ. தூக்குறது 26. கிட்டத்தட்ட மூணு மடங்கு, மத்தக் காரணிகளைச் சேர்க்காமலேயே. அதே சிப்பம் 75 செ.மீ. உயரத்துல, உடம்பை ஒட்டி இருந்தா வரம்பு 23-க்கே போயிடும். அப்பவும் 26 அதிகம்தான், ஆனா மூணு மடங்கு இல்லை.

இந்த உயர விஷயம் நம்ம பழைய சாலைகள்ல கல்லாவே நின்னுச்சு. சுமைதாங்கி: ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்க வச்சது. வயித்துப் பிள்ளையோட இறந்த பெண்ணின் நினைவா நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமப் போன சுமையை வழிப்போக்கன் இறக்கி வைக்கட்டும்னு. கேரளாவுல அத்தாணின்னு சொல்வாங்க. தலைச்சுமைக்காரன் ஒரு சும்மாட்டோட தனியா நடந்து வர்றான். தரையில இறக்கினா குனியணும், திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். தோள் உயரத்துல ஒரு கல் இருந்தா ரெண்டுமே வேண்டாம், பக்கத்துல போய் நின்னு நகர்த்தினாப் போதும்.

இப்ப கடைக்குள்ள பாருங்க. இடுப்பு உயர ரேக்குல சோப்பு, பிஸ்கட், ஷாம்பு. கண்ணும் கையும் எட்டுற இடம், விற்பனை அங்கதான். அரிசியைத் தேடி வாங்குற ஆள் எப்படியும் குனிஞ்சு வாங்குவார்னு அது தரையில. 100 கிராம் சோப்புக்கு முதுகுக்கு நல்ல இடம், 26 கிலோவுக்கு மோசமான இடம். அடியில முக்காலடி, ஒரு அடி உயரத்துக்கு ஒரு மேடை போட்டாலே அந்த 0.775 ஏறும். பெரிய செலவு இல்லை, பழைய பலகையே போதும். லாரியிலிருந்து ரேக் வரைக்கும் ஒரு டிராலி இருந்தா தோளுக்கு வேலையே இல்லை.

சுமைதாங்கிகளோட உயரத்தை மட்டும் ஒரு பட்டியலா சேர்த்துட்டிருக்கேன். உங்க ஊர்ப் பக்கம் ஒண்ணு சாயாம நின்னா, டேப் வச்சு தரையிலிருந்து மேல்கல் வரைக்கும் அளந்து அனுப்புங்க. சாலையை உயர்த்திப் போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அளவு மாறிடும்.