வீடு கலைந்த பின்னும்: மூன்று ஜப்பானிய நாவல்களும் குடும்பச் சட்டமும்

ஜப்பானிய நாவல்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தனிமை, மௌனம், நிலையாமை ஆகிய சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. நாவல்களில் இவை இருப்பது உண்மைதான். ஆனால் இவற்றை ஓர் இனத்தின் பிறவிக் குணமாகக் கொண்டால், அந்தத் தனிமை எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் விளைந்தது என்ற கேள்வியே எழாமல் போகும். தனிசாகி, தசாய், முராதா ஆகிய மூவரின் நாவல்களை அந்நாட்டின் குடும்பச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தபோது எனக்குக் கிடைத்த முடிவு இது: சட்டம் கலைத்த வீடு, தன் கேள்வி கேட்கும் உரிமையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

1898-இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜி குடும்பச் சட்டம் 'இயே' எனப்படும் வீட்டைச் சட்ட அலகாக்கியது. அதன் தலைவர் 'கோஷு'. உறுப்பினர் எங்கே வசிப்பது என்று குறிக்கவும், தன் ஒப்புதலின்றி மணந்தவரை வீட்டிலிருந்து நீக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. தலைமை பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போயிற்று. மகன் இல்லாத வீடு மருமகனைத் தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரை அவனுக்குச் சூட்டியது. இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. நம் வழக்கில் வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. அவர் பெயரோ வம்சமோ மாறுவதில்லை. ஜப்பானியத் தத்து மருமகனோ அந்த வீடாகவே ஆகிவிடுகிறார். ரத்தத்தைவிடப் பெயர் தொடர்வதே அங்கு முதன்மை.

ஜூனிச்சிரோ தனிசாகியின் 'சசமேயுகி'யை இந்தத் தெளிவோடு அணுக வேண்டும். ஆங்கில வழி வாசகர்கள் அதை 'மகியோகா சகோதரிகள்' என்று அறிவார்கள். 1936 முதல் 1941 வரையிலான ஒசாகா வணிகக் குடும்பம் ஒன்றின் கதை. மூத்தவள் த்சுருகோவின் கணவன் தத்சுவோ தத்து மருமகன். வங்கி ஊழியரான அவர் குடும்பக் கடையை நடத்தாமல் விற்றுவிட்டு, வேலை மாற்றலில் தோக்கியோவுக்குப் போகிறார். மணமாகாத இளைய சகோதரிகள் இருவரும் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது முறை. அவர்களோ ஆஷியாவில் இரண்டாம் அக்கா சச்சிகோவின் வீட்டையே நாடுகிறார்கள். மென்மையான இழுபறியாகத் தெரியும் இதன் பின்னால், வசிப்பிடத்தைக் குறிக்கும் கோஷுவின் உரிமை நிற்கிறது. மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன்கள் வந்து வந்து தட்டிப்போகின்றன. ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் மறு தரப்பின் நோய், கடன், பழைய கதை எல்லாவற்றையும் துருவுகின்றன. கடைசித் தங்கை தாஏகோ காதலனோடு ஓடியபோது ஒரு நாளிதழ் தவறாக யுகிகோவின் பெயரை அச்சிட்டுவிடுகிறது. தத்சுவோ மறுப்புக் கேட்க, வந்ததோ சரியான பெயரிட்ட திருத்தம். மறைந்திருந்த பெயரும் அம்பலமாகிறது. வீட்டின் மானம் கோஷுவின் கையை விட்டு அச்சுக்குப் போகும் தருணம் இது. நாவலின் மையத்தை நான் இங்கேதான் காண்கிறேன். பலரும் கொண்டாடும் செர்ரிப் பூக் காட்சிகளில் அல்ல.

1943-இல் 'சூஓ கோரோன்' இதழில் 'சசமேயுகி' தொடராக இரண்டு முறை வெளிவந்ததும் ராணுவத்தின் அழுத்தத்தால் நின்றது. போர்க்காலத்தில் பெண்களின் சொகுசான வாழ்க்கையை வருணித்ததே குற்றமாயிற்று. நூல் முழுமையடைந்தது 1948-இல். அதற்குள் அது சித்திரித்த வீட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

புதிய அரசியல் சட்டம் 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. மணம் இருவரின் இசைவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. திருத்திய குடும்பச் சட்டம் 1948 ஜனவரி முதல் நாள் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒசாமு தசாயின் 'ஷாயோ' தொடராக வெளியானது. பட்டம் இழந்த உயர்குடிப் பெண் கசுகோ, மணமான எழுத்தாளர் ஒருவரின் குழந்தையைத் தன் விருப்பத்தால் சுமக்கிறாள். அவரிடம் அவள் வைக்கும் இறுதிக் கோரிக்கை விசித்திரமானது: குழந்தையை அவர் மனைவி ஒரு முறை கையில் ஏந்த வேண்டும், அது இறந்த தம்பிக்கு யாரோ ஒருத்தியிடம் பிறந்தது என்று சொல்லப்பட வேண்டும். புரட்சி பேசியவளுக்கும் குழந்தையை நீட்ட ஒரு கட்டுக்கதை தேவைப்படுகிறது. அத்தகைய குழந்தையைத் தந்தை ஏற்றாலும், மண உறவில் பிறந்த பிள்ளையின் பங்கில் பாதியே அதற்குக் கிடைக்கும் என்ற விதி 2013 வரை நீடித்தது.

வீட்டின் பிடி எங்கே போனது என்பதற்குச் சமூக மானிடவியலாளர் சியே நகானே 1967-இல் வேறு விளக்கம் தந்தார். இந்தியாவிலும் களப்பணி செய்த அவர், இந்தியரைச் சாதி போன்ற தகுதி இணைக்கிறது, ஜப்பானியரை நிறுவனம் போன்ற களம் இணைக்கிறது என்றார். தன் நிறுவனத்தையே 'உச்சி', அதாவது எங்கள் வீடு, என்று சொல்லும் வழக்கை அவர் சுட்டினார். கூர்மையான கவனிப்புதான். ஆனால் அந்த வீட்டில் நிரந்தர ஊழியருக்கே இருக்கை இருந்தது.

இருக்கை இல்லாதவள் சயாகா முராதாவின் கெய்கோ. 2016-இல் அகுதாகவா பரிசு பெற்ற 'கொன்பினி நின்கென்' நாவலில் அவளுக்கு வயது 36. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே கொன்பினியில், எந்நேரமும் திறந்திருக்கும் சிறு கடையில், பகுதிநேர வேலை. எட்டு மேலாளர்களைப் பார்த்துவிட்டாள். வணக்கச் சொல்லும் முகபாவமும் கடை கற்றுக்கொடுத்தவை; அவளுக்கு அதில் நிறைவு. நிறைவு இல்லாதவர்கள் சுற்றியிருப்போர். ஏன் மணமாகவில்லை, ஏன் நல்ல வேலை இல்லை என்று தோழியரும் அவர்களின் கணவர்களும் கேட்கிறார்கள். தத்சுவோவுக்குச் சட்டம் தந்திருந்த உரிமை அது. இவர்களுக்கு யாரும் தரவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள். பயனற்ற ஓர் ஆண் அவள் வீட்டில் தங்கியிருக்கிறான் என்று தெரிந்ததுமே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவன் குணம் யாருக்கும் பொருட்டில்லை. முராதா இதைக் கெய்கோவின் உணர்ச்சி கலவாத குரலில் சொல்வதால், கேட்பவர்களே விநோதமானவர்களாகத் தெரிகிறார்கள்.

நாவல்களைச் சமூக ஆவணமாகப் படிப்பது கலையைக் குறைப்பதாகும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இம்மூன்றிலும் வடிவமே சாட்சி: தனிசாகியின் நீண்ட விசாரணைகள், தசாயின் கசுகோ அனுப்பும் கடிதங்கள், முராதாவின் தட்டையான குரல். வீடு தன் பிடியை எங்கே வைத்திருந்தது என்பதை இவ்வடிவங்களே காட்டுகின்றன.

குடும்பப் பதிவேட்டில் அந்தப் பிடி இன்னும் தளரவில்லை. மணந்த இருவரும் ஒரே குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்கிறது குடும்பச் சட்டத்தின் 750-ஆம் பிரிவு; பெயரைத் துறப்போரில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் பெண்கள். கெய்கோவின் கதை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 டிசம்பர் 16 அன்று, அப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளில் 10 பேர் தீர்ப்பளித்தனர். அமர்விலிருந்த பெண் நீதிபதிகள் மூவரும் மாறுபட்டனர்.