ஊக்கமருந்தும் ஒரு சின்னத் தீவும்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நம் ஊருக்கு 15 கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சதுரங்க வீரர்களுக்கும் ஊக்கமருந்துச் சோதனை உண்டு என்று நான் சொன்னபோது திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உட்கார்ந்து காய் நகர்த்துகிறவனுக்கு எதற்கு ஐயா சோதனை என்றார்கள். ஆனால் உண்மை. 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஒலிம்பியாடில் உக்ரைனின் இவான்சுக், கடைசிச் சுற்றில் தோற்ற கோபத்தில் சோதனைக்குப் போகாமல் வெளியேறிவிட்டார். பெரிய வழக்காகிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அழைத்த முறையில் பிழை இருந்தது என்று விசாரணைக் குழு அவரை விட்டுவிட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு எழுத்தராகக் கோப்பு கட்டியவன் நான். "அழைத்த முறையில் பிழை" என்ற வார்த்தைகளைப் படித்ததும் இந்த விஷயத்தில் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. ஊக்கமருந்து ஒழிப்பு என்பது பாதி ரசாயனம் என்றால் பாதி அலுவலக வேலை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு "தோப்பாழ்" என்ற சொல் சின்ன வயதிலேயே தெரியும். ஊக்கமருந்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். பிரான்சைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி வாத்தியார்கள் பேசாத ஜூலை மாதம் கிடையாது. 1967 ஜூலை 13 அன்று மோன் வாந்து மலையேற்றத்தில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். வெயில் ஒரு பக்கம், உடம்பில் இருந்த ஆம்ஃபெட்டமின் மாத்திரை இன்னொரு பக்கம். இத்தனைக்கும் 1965 ஜூன் 1 அன்றே பிரான்ஸ் ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் போட்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் மோரிஸ் எர்சோக். 1950இல் அன்னபூர்ணா சிகரத்தைத் தொட்ட மலையேறி அவர்தான். சட்டம் இருந்தும் சிம்ப்சன் செத்தார். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

1998இல் அதே பந்தயம் தொடங்கும் முன், பெல்ஜியம் எல்லையில் ஒரு அணியின் காரைச் சோதித்ததில் பெட்டி பெட்டியாக மருந்து அகப்பட்டது. உலகமே அதிர்ந்தது. அடுத்த வருடம், 1999 நவம்பரில், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை பிறந்தது. அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் "அமா". நம் காதுக்கு "ஆமா" என்று கேட்கும்! தலைமையகம் கனடாவின் மொன்றியாலில். செலவில் பாதியை ஒலிம்பிக் இயக்கமும் பாதியை அரசாங்கங்களும் தருகின்றன. ஆனால் அது தனியார் அறக்கட்டளை. ஒரு நாட்டு அரசு அதன் விதிகளில் நேராகக் கையெழுத்துப் போட முடியாது. அதனால் 2005 அக்டோபரில் பாரிஸில் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது. அரசுகள் அதில் சேர்ந்து, தங்கள் நாட்டில் சட்டம் கொண்டுவர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

பெரிய நாடுகளுக்குப் பணமும் ஆளும் உண்டு. சின்ன நாடு என்ன செய்யும்? அதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை இருக்கிறது.

இலங்கைக்கு ஊக்கமருந்தால் வந்த சோதனைகள் கொஞ்சமல்ல. 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 1938க்குப் பிறகு 72 வருடம் கழித்து அந்த நாட்டுக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம். சோதனையில் நாண்ட்ரோலோன் தென்பட்டது, தங்கம் பறிபோனது. 2011 உலகக் கோப்பையில் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்காவின் மாதிரியில் பிரட்னிசோலோன் இருந்தது. தோள்வலிக்கு எடுத்துக்கொண்ட மூலிகை மருந்து வழியாக வந்தது அது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை விதித்தார்கள். நாட்டு மருந்து என்றால் கெடுதல் இல்லை என்று நம்புகிற நமக்கெல்லாம் அது ஒரு பாடம்.

இந்தப் பின்னணியில்தான் 2013இல் 33ஆம் எண் சட்டம் வந்தது. இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகமை சட்டப்படியான அமைப்பானது. வீரர்களைத் தேர்வு செய்கிற சங்கம் ஒன்று, அவர்களைச் சோதிக்கிற அலுவலகம் வேறொன்று. இந்தப் பிரிவுதான் முக்கியம். சின்ன நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். சங்கத் தலைவரும் அணி மருத்துவரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள். பதக்கம் வேண்டும் என்பவர் கையிலேயே சோதனைக் குப்பியையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உள்ளூரில் நீதி கிடைக்கவில்லை என்றால் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை மேல்முறையீடு போகலாம்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வீரரே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பார். அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி கண் முன்னால் குறைந்தது 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். அது ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரிக்கப்பட்டு முத்திரை இடப்படும். ஆய்வகத்துக்கு எண் மட்டும் போகும், பெயர் போகாது. ஏ குப்பியில் மருந்து தெரிந்தால், பி குப்பியைத் திறக்கும்போது உடன் இருக்க வீரருக்கு உரிமை உண்டு. முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் படிவம், கையெழுத்து, நேரம். ஒரு கையெழுத்து விடுபட்டால் குற்றவாளியும் தப்பலாம், நிரபராதியும் மாட்டலாம்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் உலகத்தில் முப்பது சொச்சம்தான். இலங்கையில் ஒன்றும் கிடையாது. எனவே குப்பிகள் கடல் கடக்கின்றன. இதில் ஒரு ஆபத்து உண்டு. 2015 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பதாக தோஹா ஆய்வகம் சொன்னது. அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார், 2016 இருபது ஓவர் உலகக் கோப்பையை இழந்தார். மே மாதம் ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது, வழக்கு விழுந்தது. போன உலகக் கோப்பை திரும்பி வருமா?

நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. டெல்லியில் உள்ள நம் தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரமே 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு 2021 டிசம்பரில்தான் திரும்பியது. அதுவரை நம் குப்பிகளும் வெளிநாடு போயின. ஊக்கமருந்து தடுப்புக்கென்று நாம் தனிச் சட்டம் போட்டது 2022இல், இலங்கைக்கு ஒன்பது வருடம் கழித்து. 2023இல் 5,606 இந்திய மாதிரிகளில் 213இல் மருந்து தென்பட்டது.

இந்த இடத்தில் பலர் புதுக்கோட்டை சாந்தியை இழுப்பார்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கத்தை இழந்தது பாலினச் சோதனையால். ஊக்கமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணின் மேல் இல்லாத பழியைப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது சுசந்திகா ஜயசிங்க கதை. ஏழைக் கிராமத்துப் பெண். 1998இல் அவர் மேலேயே நாண்ட்ரோலோன் புகார் வந்து, பிறகு விடுவிக்கப்பட்டார். 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக் 200 மீட்டரில் 22.28 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. முதலில் வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் சிட்னியில் பிடிபடவில்லை. 2007இல் நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டார். 2009 டிசம்பரில்தான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. ஒன்பது வருடம்! தங்கத்துக்கு உயர்ந்த பஹாமாஸ் பெண்ணுக்கும் இவருக்கும் இருந்த வித்தியாசம் 0.01 விநாடி. மேடையில் ஏறி நிற்க வேண்டிய நாளில் கிடைக்காத வெள்ளி தபாலில் வந்தால் என்ன, விமானத்தில் வந்தால் என்ன?

ஒரே பெண் பொய்ப் பழியையும் சுமந்தார், அடுத்தவர் திருட்டால் நஷ்டமும் அடைந்தார். சோதனை சரியாக நடந்தால் இரண்டும் நேராது. ஊக்கமருந்து ஒழிப்பு ஏமாற்றுக்காரனைப் பிடிக்க மட்டும் என்று நினைக்கிறோம். நேர்மையாக ஓடுகிற ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் காவல்.

நம் கிரிவலப் பாதையில் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். போலீஸ் தேர்வு, ராணுவத் தேர்வு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு. உங்கள் பேரப்பிள்ளை அவர்களில் ஒருவர் என்றால், பெயர் தெரியாத புரதப் பொடியை வாங்கித் தராதீர்கள். ஊசியோ லேகியமோ, மருத்துவரிடம் "இவன் போட்டிக்குப் போகிறவன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கிய மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். என்றைக்காவது ஒரு விசாரணை வந்தால், அந்தத் துண்டுக் காகிதம் பேசும்.