கிழக்குக் கரையும் குவியத் தூரமும்

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, 1957இல் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை டேவிட் லீன் கித்துல்கலவில் எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளி மாணவராக அதைக் கண்டதே தம்மைத் திரைக்கு ஈர்த்ததாகக் கூறிவந்தார். அவர் பின்னாளில் ஆண்ட ஒளிப்பதிவுக் கலையின் அடிப்படைகளுள் ஒன்று குவியத் தூரம். அதாவது வில்லையின் மையத்திற்கும், தொலைவுப் பொருளின் பிம்பம் தெளிவாக விழும் இடத்திற்கும் இடைப்பட்ட அளவு. கல்முனைக் கரையில் கரைவலை இழுப்போரை அருகே நின்று 25 மி.மீ. வில்லையால் எடுத்தால், முதலாமவரின் கைகள் பெருத்துத் தெரிய, கயிறு கடலை நோக்கி நெடுந்தூரம் ஓடும். விலகி நின்று 100 மி.மீ. வில்லையால் எடுத்தாலோ தோள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அலைகள் முதுகுக்குப் பின்னே நெருங்கி எழும். பூனா திரைப்படக் கல்லூரியில் இதைக் கற்றுத் தேர்ந்த அவர், ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் ஒளிப்பதிவுக்காக இந்தியத் தேசிய விருது பெற்றார். கிழக்கிலங்கையின் கலை வரலாற்றில் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட வேண்டும்.