பேய்க்குக் கிடைத்த 'ஏ'

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் "ஏ படம்" என்றால் ஒரே அர்த்தம்தான். ஆனால் தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி'. 1951-ல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக கே. ராம்நாத் இயக்கிய அந்தப் படத்தில் ஆபாசம் எதுவும் கிடையாது. பேய்க் காட்சிகளைப் பார்த்துச் சிறுவர்கள் பயந்துவிடக் கூடாது என்றுதான் அந்த முத்திரை.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசுவாமி ராஜா. அவருடைய பதவிக் காலத்தில்தான் (1949-52) தணிக்கை அதிகாரம் மாகாண வாரியங்களிடமிருந்து மத்திய வாரியத்துக்குப் போனது. 1952-ல் சினிமாட்டோகிராப் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் 'யு', 'ஏ' என்று இரண்டே பிரிவுகள். 'யு/ஏ' 1983-ல் சேர்ந்தது.

'ஏ' என்பதன் அர்த்தம் பின்னாளில்தான் மாறியது. 1978-ல் ஐ.வி. சசி இயக்கிய 'அவளுடெ ராவுகள்' என்ற மலையாளப் படம் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. 2000-ல் ஷகீலா நடித்த 'கின்னாரத் தும்பிகள்' வந்து ஓட, அதேபோலப் படங்கள் வரிசையாக வந்தன. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அவற்றுக்கு மார்னிங் ஷோ என்றே பெயர். சில இடங்களில் தணிக்கையான படத்தின் நடுவே சம்பந்தமில்லாத துண்டு ரீலை ஒட்டி ஓட்டினார்கள். "பிட்டுப் படம்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தை இப்படி மாற்றுவது சட்டப்படி குற்றம்.

இந்தப் படங்களைப் பார்ப்பவர்களை வைத்துத் தமிழில் நிறைய ஜோக்குகள் உண்டு. எடுப்பவர்களை வைத்து? அமெரிக்காவில் அப்படி ஒரு படம் இருக்கிறது. மைக்கேல் ட்ரேகர் இயக்கி 2005-ல் உருவான 'தி மொகல்ஸ்' (இன்னொரு பெயர் 'தி அமெச்சூர்ஸ்'). சின்ன ஊரில் வாழ்க்கையில் தேறாத ஒரு மனிதன், சினிமா எடுத்தே பழக்கமில்லாத நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து ஓர் ஆபாசப் படம் எடுக்கக் கிளம்புகிறான். நாயகனாக நடித்தவர் ஜெஃப் பிரிட்ஜஸ். 2008-ல் கெவின் ஸ்மித்தின் 'ஸாக் அண்ட் மிரி' ஏறக்குறைய இதே கதையோடு வந்தது.

அங்கே இது காமெடி ஆனதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1988-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஃப்ரீமேன் வழக்கில், சம்பளம் கொடுத்து இப்படிப் படம் எடுப்பது விபச்சாரத் தரகு ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆக, படத்தில் வரும் நண்பர்களுக்குப் பயம் போலீஸ் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதுதான். நடிப்பவர்கள் எல்லோரும் சம்மதித்து நடிக்கிறார்கள். அதனால் பார்ப்பவர்களால் தயங்காமல் சிரிக்க முடிகிறது.

இந்தியாவில் கதையே வேறு. ஆபாசப் படைப்பை விற்பதும் பரப்புவதும் 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-வது பிரிவில் குற்றம். 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-வது பிரிவு இருக்கிறது. இங்கே தொழில்முறை இல்லாத ஆபாசப் படம் என்பதை நாடு முழுக்கப் பேச வைத்தது சினிமாவும் அல்ல. 2004-ல் டெல்லியில் பள்ளி மாணவி ஒருத்தியைச் செல்போனில் எடுத்த கிளிப் பரவி, ஓர் இணையதளத்தில் விற்பனைக்கே வந்தது. 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டபோது, சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது 66இ பிரிவிலும், பாலியல் காட்சிகளை இணையத்தில் பரப்புவது 67ஏ பிரிவிலும் குற்றமாயின. 67ஏ-வில் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை.

தமிழில் இதற்கு மிக அருகில் வந்த படம் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019, 'ஏ' சான்றிதழ்). பள்ளிக்கூடப் பையன்கள் திருட்டுத்தனமாக ஆபாசப் படம் ஒன்றைப் போடுகிறார்கள். திரையில் வருவது அவர்களில் ஒருவனின் அம்மா. அதுவரை சிரித்த தியேட்டர் அந்த இடத்தில் சட்டென்று அமைதியாகிவிடுகிறது. பையன் அவளைக் கொல்ல ஓடுகிறான். ரம்யா கிருஷ்ணன் நடித்த அந்த அம்மா கடைசியில் மகனிடம் கெஞ்சவில்லை. நடித்ததும் ஒரு வேலைதான் என்று பேசுகிறாள்.

அமெரிக்கப் படத்தில் ஊரே சேர்ந்து கேலிக்கு ஆளாகிறது. ஒருவரையொருவர் தெரிந்த ராஜபாளையம் மாதிரி ஊரில் ஒரு கிளிப் வெளியானால் எடுத்தவனும் பார்த்தவனும் மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பெண்தான் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அந்த நிலை மாறாதவரை 'தி மொகல்ஸ்' கதையைத் தமிழில் எடுத்தால் பாதிப் பேருக்குச் சிரிப்பு வராது.